இடைவேளைக்குப் பின் ஜப்பான்

வெள்ளி, காலை 5.10. ஜர்னல் ஸ்கொயருக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து கிளம்பியபோது எங்கள் பழைய நீலக் காரின் மைல்மீட்டர் 61,204 காட்டியது. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியிலிருந்து கலிபோர்னியாவின் பிளசன்டனுக்குப் போகிறோம். நடுவில் டெக்சாஸின் பிளானோவில் நண்பர் சண்முகம் வீட்டில் ஓர் இரவு தங்கல். வரைபடத்தில் நூல் வைத்து அளந்ததில் மொத்தம் 3,300 மைல் வந்தது. 1998, ஆகஸ்ட் மாதம். வங்கி ஒன்றில் எனக்கிருந்த கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. மனைவி லதா இரண்டு மாதம் முன்பே விமானத்தில் போய் பிளசன்டனில் வேலையில் சேர்ந்து, அபார்ட்மென்ட்டும் பிடித்துவிட்டாள். காரில் நான், பதின்மூன்று வயது மகள் நித்யா, பதினான்கு அட்டைப் பெட்டிகள்.

பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் எண், உள்ளே என்ன, எந்த அறைக்குப் போகவேண்டும் என்று மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தேன். மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் மாரடிக்கிறவனுக்கு ஒழுங்கு இல்லையென்றால் சோறு இல்லை. முந்தின நாள் மாலையே மின்சாரம், தொலைபேசி, நூலகப் புத்தகங்கள், நியூஆர்க் அவென்யூ மளிகைக்கடையில் வாடகைக்கு எடுத்த தமிழ்ப்பட கேசட்டுகள் என்று எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் ஒப்படைத்து, பட்டியலில் வரிசையாக டிக் போட்டுவிட்டேன். அந்த டிக்குகளில் ஒன்று எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய 1,560 மைல் ஆயிற்று.

பென்சில்வேனியா எல்லை தாண்டும்வரை நித்யா வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடத்தில் இது நான்காவது வீடு மாற்றம். ஹாரிஸ்பர்க் பக்கத்தில் I-81 சாலைக்குள் நுழைந்தபோது நானே தூண்டில் போட்டேன்.

“ஏட்டி, அந்த ஜப்பான் கார்ட்டூன்ல அப்படி என்னதான் இருக்கு?”

“அப்பா, இட்ஸ் நாட் எ கார்ட்டூன்!”

மடை திறந்துவிட்டது. கதை இதுதான். ஜப்பானில் ஒரு சிற்றூர். கடைத்தெருவில் ஒரு சலவைக்கடை, எதிரே ஓர் ஊறுகாய்க்கடை. சலவைக்கடைப் பையனுக்கும் ஊறுகாய்க்கடைப் பெண்ணுக்கும் சின்ன வயதிலேயே பெரியவர்கள் பேசி வைத்துவிட்டார்கள். இருவருக்கும் அது பிடிக்கவில்லை, அல்லது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒவ்வொரு வாரமும், ‘இந்தச் சம்பந்தம் வேண்டாம்’ என்று பெரியவர்களிடம் சொல்லக் கிளம்புவார்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது குறுக்கே வந்துவிடும். ஒரு வாரம் திருவிழா, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் யாரோ ஒரு மாமியின் பட்டுக் கிமோனோவில் ஊறுகாய்ச் சாறு.

“வேண்டாம்ங்கத சொல்ல இருபத்துநாலு எபிசோடா? எங்க ஊர்ல பேசி வச்சா வச்சதுதான். யாரு போயி மறுப்பு சொல்லுவா?”

“நீங்க அம்மாவ வேணாம்னு சொல்லப் போகலயா? அம்மா சொன்னாங்களே!”

“போனேன். காபி குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்.”

“அப்பா! தட்ஸ் எபிசோட் நைன்!”

இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அதற்குப் பின் வர்ஜீனியா மலைகள் முழுக்க அவள்தான் பேசினாள். முதலில் இது வாரப் பத்திரிகையில் படக்கதையாக வந்ததாம். அது முடிவதற்குள் டிவிக்காரர்கள் தொடராக எடுக்கத் தொடங்கி, கதை தீர்ந்துபோய், முடிவைத் தாங்களே எழுதிக்கொண்டார்களாம். பிறகு வந்த சினிமாவில் வேறொரு முடிவு. பத்திரிகையில் கல்யாணம் ஆகும், சினிமாவில் ஆகாது. டிவியில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தவர்களைச் சொல்லவிடவும் மாட்டாள்.

இந்தத் தொடர் அமெரிக்காவில் கடையில் கிடைக்காது. ஆர்வலர்கள் சிலர் ஜப்பானிலிருந்து டேப் வரவழைத்து, உட்கார்ந்து மொழிபெயர்த்து, கீழே ஆங்கில எழுத்து ஓடவிட்டுப் பிரதி எடுத்துத் தருகிறார்கள். விலை கிடையாது. நாம் வெற்று கேசட்டையும் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பினால், ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து நம் கேசட்டே படம் நிரம்பித் திரும்பி வரும். ஒரே ஒரு கட்டுப்பாடு. அமெரிக்கக் கம்பெனி ஏதாவது அந்தத் தொடரை முறைப்படி வாங்கிவிட்டால், அன்றைக்கே பிரதி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். சலவைக்கடைக் கதையை ஜூலையில் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. கடைகளுக்கு வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகலாம். நித்யாவின் ஆறாவது கேசட், கடைசி நான்கு எபிசோடுகள் உள்ளது, அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“நான்தான் அப்பா லாஸ்ட். எனக்கப்புறம் யாருக்கும் கிடைக்கல.”

“பாத்தாச்சா?”

“இல்ல. பாத்துட்டா முடிஞ்சிடும்ல?”

சனி, காலை 6.00. டென்னசியின் பிரிஸ்டலில் 36 டாலர் விடுதியில் தூங்கி எழுந்து கிளம்பினோம். அன்று 640 மைல். நாக்ஸ்வில், நாஷ்வில், மெம்ஃபிஸ். மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பதினேழாவது எபிசோடு. ஆற்றைப் பார் என்று நான் சொல்லவேயில்லை, ஏனென்றால் சலவைக்கடைப் பையன் டோக்கியோவில் வேலை கிடைத்து ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். எனக்கே திக்கென்றிருந்தது. “போயிட்டானா? ஏட்டி, சொல்லித்தொலை!” என்று கத்தினேன். லிட்டில் ராக் போய்ச் சேரும்போது இருபது எபிசோடும் முடிந்திருந்தது. மிச்சம் நான்கையும் சண்முகம் வீட்டு விசிஆரில் சேர்ந்து பார்ப்போமா என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

ஞாயிறு, பிற்பகல் 1.20. பிளானோ. சண்முகமும் செல்வியும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். அவர் அவ்வூரின் லெகசி பகுதியில் பெரிய அலுவலகம் ஒன்றில் புரோகிராமர். வாசலிலேயே செல்வி, “வாங்கண்ணா, வா கண்ணு! ஏனுங்கண்ணா, பிள்ளைக்கு வழியில சோறு போட்டீங்களா இல்லீங்களா?” என்றார். அரிசியும்பருப்புச் சோறு, நெய், அப்பளம், தயிர். சாப்பிட்டுவிட்டு நித்யா காரிலிருந்து ஒன்பதாம் எண் பெட்டியைத் தூக்கிவந்தாள். ‘நித்யா, வீடியோ, ஹால்’ என்று என் கையெழுத்து. திறந்தாள். உள்ளே இரண்டு வீடியோ கேம், ஒரு பழைய ரிமோட், சுருட்டி வைத்த வயர்.

“அப்பா, வேர் ஆர் மை டேப்ஸ்?”

வியாழக்கிழமை மாலை டிவிக்கு மேலே வெள்ளை அட்டை உறை போட்ட கேசட்டுகள் பத்து இருந்தன. நம் வீடுகளில் வெள்ளை அட்டை உறை என்றால் அது மளிகைக்கடை கேசட்தான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் பார்க்கிறான்? நானும் பார்க்கவில்லை. பத்தையும் ஒரு பையில் போட்டுக் கடைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு டிக் போட்டேன். கடையினுடையது நாலே நாலுதான். நித்யாவுக்கு வெற்று கேசட்டுகளை அதே கடையில், அதே வெள்ளை உறையோடு, ஒன்று ஒன்றே முக்கால் டாலர் என்று வாங்கிக் கொடுத்திருந்ததும் நான்தான்.

அங்கிருந்தே கடைக்கு ஃபோன் போட்டேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், பாலா அண்ணன் என்று கூப்பிடுவோம்.

“ஓம் ஓம், கண்டனான். நீங்கள் தந்தது பத்து, எங்கட நம்பர் போட்டது நாலு. மிச்சம் ஆறும் சும்மா வெறுங்கசெட் எண்டு நினைச்சுப் போட்டன். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்ததெல்லே, அதை இந்தக் கசெட்டுகளில பதிஞ்சாச்சு. ஆறும் வாடகைக்குப் போயிட்டுது.”

“அண்ணே, அது என் மகளோடது.”

“ஐயோ, பிள்ளையின்ரயோ? நான் ஒருக்காப் போட்டுப் பாத்திருக்க வேணும். எல்லாம் திரும்பி வரட்டும், அப்பிடியே அனுப்பிவிடுறன். படத்தைப் பாதி பாதியா ரெண்டு கசெட்டில போடுறனாங்கள், முதல் பாதி ஒண்டேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கசெட் ரெண்டு மணித்தியாலம். கடைசியில ஏதும் மிஞ்சிக் கிடக்குதோ எண்டு விட்டுப் பாருங்கோ.”

நித்யாவிடம் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். “இட்ஸ் ஃபைன்” என்றாள். சண்முகம், “அட, வேற கேசட் வாங்கிக்கலாமுங்க” என்று ஆறுதல் சொல்ல வர, செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தார். மாலையில் பேச்சை மாற்றுவதற்காகச் செல்வி தன் தம்பி கல்யாண கேசட்டை விசிஆரில் போட்டார். இந்தியாவின் டிவி முறை வேறு, ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே முறை; அதனால் ஊரிலிருந்து வந்த கேசட் இங்கே ஓடாது, திரை முழுக்கக் கோடுகள்தான். கோபியிலிருந்து வந்த கல்யாணம் ஓடாது, ஜப்பானிலிருந்து வரும் கேசட் அப்படியே ஓடும் என்று நித்யா காரில் சொல்லியிருந்தாள். இப்போது அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கள், காலை 9.45. டென்டன். பிளானோவிலிருந்து 35 மைல். நித்யாவுக்குப் பிரதி எடுத்துத் தந்த கெவின் இங்கேதான் படிக்கிறார். இரண்டு வருடமாக உறையில் எழுதிய முகவரி அவளுக்கு மனப்பாடம். அவள் வேண்டாம் என்றாள், நான்தான் கூட்டிப்போனேன். இருபத்திரண்டு வயதுப் பையன், வெறுங்காலோடு கதவைத் திறந்தார். அறை முழுக்க வீடியோ ரெகார்டர்கள். நித்யா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் வாடிவிட்டது. கம்பெனி வாங்கிய செய்தி வந்த அன்றே மூலப் பிரதியை அழித்துவிட்டதாக ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

நான் விடவில்லை. எந்த ஊரிலாவது எல்லாவற்றையும் அழிப்பார்களா? ஒரு பெட்டிக்கடியில் ஒன்று இருக்கும், ஒரு நண்பனிடம் ஒன்று இருக்கும். ரயில்வே ரிசர்வேஷனிலிருந்து பள்ளிக்கூட அட்மிஷன் வரை நான் பார்த்த ‘இல்லை’ எதுவும் கடைசி ‘இல்லை’ ஆக இருந்ததில்லை. யாரிடமும் சொல்லமாட்டோம், ஒரே ஒரு காப்பி, சின்னப் பெண் பாருங்கள் என்று கெஞ்சவே ஆரம்பித்தேன்.

“அப்பா, ஸ்டாப். ப்ளீஸ். அவர் ப்ராமிஸ் பண்ணிருக்கார்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையனுக்கும் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். கடைசி நான்கு எபிசோடுகளுக்கு அவர் எழுதிய ஆங்கில வசனம், அச்செடுத்த தாள்கள். இது நானே எழுதியது, இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்றார். நித்யா வாங்கி, படிக்காமல், உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கள், பிற்பகல் 3.00. சில்ட்ரெஸ். பெட்ரோல் கேலன் 97 சென்ட், இந்தப் பயணத்திலேயே மலிவு. டெக்சாஸின் இந்தப் பகுதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பருத்திக்காடு, தண்டவாளம், வெயில். டென்டனிலிருந்து இருநூறு மைலும் நித்யா அந்த உறையை மடியிலிருந்து இறக்கவில்லை. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து இறங்கி என் எதிரில் நின்றாள்.

“நான் ஒண்ணு சொல்றேன், யூ டோன்ட் கெட் மேட். ஹியூஸ்டன்ல ஸ்கூல் ப்ளே. நான் ட்ரீ. ப்ளேக்கு முன்னாடி மூவ் பண்ணிட்டோம். கிளீவ்லேண்ட்ல வயலின். ரிசைட்டலுக்கு முன்னாடி மூவ் பண்ணிட்டோம். எடிசன்ல கிளாஸ்ல பட்டாம்பூச்சி வளத்தோம், நான் கக்கூன் வரைக்கும்தான் பாத்தேன். ஐ நெவர் சீ தி எண்ட் ஆஃப் எனிதிங், அப்பா.”

பெட்ரோல் குழாய் டக்கென்று தானாக நின்றது. நான் அதைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். மரமாக நடிக்கவிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கான்ட்ராக்ட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தேதியோடு சொல்லக்கூடியவன் நான். இவளுக்கு எது எங்கே பாதியில் அறுந்தது என்று ஒருநாளும் குறித்துவைக்கவில்லை. மன்னிச்சிரும்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தாள்.

செவ்வாய், புதன். அமரில்லோவிலிருந்து அல்புகர்க்கி 290 மைல். அங்கிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் 325. அங்கிருந்து பாலைவனத்தின் குறுக்கே பார்ஸ்டோ 350. அரிசோனாவின் சிவப்புப் பாறைகளைப் பற்றி இன்னொருவர் நன்றாக எழுதுவார், நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் அந்த உறை திறக்கப்படாமலே இருந்தது. ஒருமுறை கேட்டேன். படம் இல்லாமல் வசனத்தை மட்டும் படித்தால் அது பார்த்ததாகாது, கேசட் வரட்டும் என்றாள்.

வியாழன், மாலை 4.30. பேக்கர்ஸ்ஃபீல்ட், I-5, பிறகு காற்றாலைகள் சுழலும் மலைமேல் ஏறி இறங்கினால் பிளசன்டன். மைல்மீட்டர் 64,531. புல்வெளியெல்லாம் ஒரே அளவு, வீடெல்லாம் ஒரே நிறம். லதா மாடிப்படியிலேயே காத்திருந்தாள். ஃபோனில் எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள்.

“வெள்ளை உறைன்னா கடை கேசட்டா? எழுத்துப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு? பெரிய லேபிள் மன்னன்!”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பதினாறு நாள் கழித்து நியூ ஜெர்சியிலிருந்து பார்சல் வந்தது. ஆறு கேசட், கூடவே ஒரு பொதி மிக்சர். கேசட்டுகளின் மேல் புதுப்படத்தின் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. நித்யா ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினாள். ஐந்தாவதைச் சுரண்டியபோது அடியில் ஊதா மையில் அவள் கையெழுத்து தெரிந்தது, 21 முதல் 24 வரை. மேலே ஒட்டிய காகிதத்தில் ‘முதல் பாகம்’.

நான் விசிஆரில் போட்டு வேகமாக ஓட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். “நோ. முதல்ல ட்வென்டி ஒன். ஆர்டரா வரணும்.” எனக்கே ஒழுங்கு சொல்லித் தருகிறாள்! டிவியில் தமிழ்ப்படம் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. நித்யா உறையைப் பிரித்தாள். ஊறுகாய்க்கடைப் பெண் அவள், சலவைக்கடைப் பையன் நான், பெரியவர்கள் எல்லோரும் லதா. அவள் ஆங்கிலத்தில் படிக்க, நான் என்னுடையதைத் தமிழில் மாற்றிச் சொன்னேன். திரையில் கதாநாயகன் பத்துப் பேரைத் தூக்கி வீசும்போது, “உன் சட்டையில் கறை இருக்கிறது, கொடு, துவைத்துத் தருகிறேன்” என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. லதா சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து மூன்றாவது எபிசோடு முடிந்ததும் மூவரும் திரையைப் பார்த்து உட்கார்ந்தோம். கதாநாயகன் கோபமாகத் திரும்பினான். அப்படியே நின்றான். ‘இடைவேளை’ என்று பெரிய எழுத்தில் வந்தது.

பிறகு புள்ளி புள்ளியாக வெறும் இரைச்சல். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரைச்சல் நீண்டது. சட்டென்று ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது, அதற்குப் பின்னால் கடைத்தெரு.

மிஞ்சியது பத்தொன்பது நிமிடம். கடைசி எபிசோடில் தொடக்கம் மட்டும் போயிருந்தது. இருவரும் பெரியவர்கள் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். திருவிழா இல்லை, மழை இல்லை, யாரும் குறுக்கே வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர்களும் சரி என்றுவிட்டார்கள். வெளியே வந்து, உடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், அவரவர் கடைக்குப் போகிறார்கள். ரொம்ப நேரம் தெரு காலியாகவே இருக்கிறது. பிறகு சலவைக்கடைப் பையன் தெருவைத் தாண்டி வருகிறான். யார் சொல்லியும் இல்லை. தானாகவே கேட்கிறான். அவள் ஜாடியை மூடிவைத்துவிட்டு, “நாளைக்குச் சொல்கிறேன்” என்கிறாள். சிரிக்கிறாள். பெயர்கள் ஓடின.

நித்யா அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். கடைசிப் பெயர்வரை பார்த்துவிட்டு, கேசட்டை வெளியே எடுத்து, சமையலறை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தாள். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு உண்டு. அதை உடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் பதிய முடியாது. டக்கென்று உடைத்தாள்.

“அப்பா, இங்க எவ்ளோ நாள் இருப்போம்?”

இங்கே எனக்குக் கிடைத்திருந்த கான்ட்ராக்ட் ஆறு மாதம். ஒவ்வொரு ஊரிலும் இதே கேள்விக்கு ‘பாப்போம்’ என்று பதில் சொல்லியே பழகியவன். லதா என்னைப் பார்த்தாள்.

“நீ ஸ்கூல் முடிக்க வரைக்கும்” என்றேன். “எனக்கு வேல எந்த ஊர்ல கிடைச்சாலும், நான் போய்ட்டு வருவேன். நீ எங்கயும் வரவேண்டாம்.”

இதை எழுதும்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. நடுவில் எட்டு மாதம் டாலஸில் வேலை. வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன், முதுகு போனதுதான் மிச்சம். அதற்குமேல் வந்த அழைப்புகளுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். சலவைக்கடைக் கதை இப்போது கடைகளில் கிடைக்கிறது, முழுசாக, நல்ல பளிச்சென்ற பிரதி. வாங்கித் தருகிறேன் என்றதற்கு, என்னிடம் இருக்கிறதே என்றாள். போன வாரம் அவள் பள்ளியில் நாடகம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தோம். அவளுக்கு மரம் வேடம்கூட இல்லை, மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடைசிக் காட்சி முடிந்து விளக்கை அணைத்தது அவள்தான்.